அரைப் பேர்

உமியோ, சுவீடன்
12 ஜனவரி 2025

அன்புள்ள ஜீவாவுக்கு,

இங்கே நான் சுகம், மூக்கு மட்டும் சுகமில்லை. அங்கே நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, இனிமேல் கடுதாசி எழுதிப் படம் பிடித்து அனுப்புவோம் என்று சொன்னது நீங்கள்தான். நல்ல யோசனை. கையெழுத்தில் கத்த முடியாது.

போன சண்டையில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "பீயில கெடக்குற பூச்சிய வளக்கத்தான் அம்புட்டுத் தூரம் போனியா?" என்றீர்கள். உண்மையைச் சொன்னால் அதற்குத்தான் வந்தேன். டைபாய்ட் என்கிற நெருப்புக் காய்ச்சலைக் கொண்டுவரும் சல்மொனெல்லாவின் நெருங்கிய சொந்தக்காரப் பற்றீரியா ஒன்றைத்தான் வளர்க்கிறேன். குடுவையைத் திறந்தால் ஊசிப்போன சோறும் நனைந்த சாக்கும் சேர்ந்த வாடை. குளிருக்கு ஜன்னலும் திறக்க முடியாது. முதல் மாதம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே குமட்டியது. இப்போது பழகிவிட்டது.

நீங்கள் கேட்காவிட்டாலும் என் வேலையைச் சொல்லப்போகிறேன். நம் உடம்பில் காவலுக்கென்று சில வெண்குருதிக் கலங்கள், வெள்ளை அணுக்கள், திரிகின்றன. கிருமியைக் கண்டால் விழுங்கி, உள்ளே ஒரு பைக்குள் அடைத்து, அமிலம் விட்டுக் கரைத்துவிடும். மற்றக் கிருமிகளின் கதை அதோடு முடிந்தது. என் ஆள் அப்படியில்லை. பைக்குள் புளிப்பு ஏறுவதும் மக்னீசியம் குறைவதும் அதற்குத் தெரிகிறது. தெரிந்தவுடன் உள்ளே ஒரு சுவிட்ச் விழுகிறது. வெளியே இருந்தபோது வேலை செய்த ஜீன்கள், பரம்பரையலகுகள், அணைந்து, தூங்கிக் கிடந்த வேறு பரம்பரையலகுகள் எழும்புகின்றன. நீந்த வைத்திருந்த வாலைச் செய்வதை நிறுத்திவிடுகிறது, ஏனென்றால் அந்த வாலை வைத்துத்தான் கலம் ஆளை அடையாளம் பிடிக்கும். மேல்தோலை மாற்றிக்கொள்கிறது. பிறகு, தன்னைத் தின்ன வந்தவனின் வயிற்றிலேயே குடித்தனம் நடத்துகிறது. அந்தச் சுவிட்சைத்தான் நான் படிக்கிறேன். அருவருப்பாக இல்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை, எனக்கு அதன் கெட்டித்தனம் பிடித்திருக்கிறது.

மீனம்மாவைக் கண்டால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். லயத்து வரிசை வீடுகளில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக வளர்ந்தவர்கள், இப்போது மாதத்துக்கு ஒரு தரம்கூடப் பேசுவதில்லை.

என்றும் உங்கள்,
கிருஷாந்தி ஜீவராஜ்

*

நரிக்கல் தோட்டம், றொசல்ல
24 ஜனவரி 2025

என் கிருஷாவுக்கு,

கடுதாசி கிடைத்தது. படித்துவிட்டு இராச்சோற்றை அப்படியே மூடி வைத்தேன், அவ்வளவு நல்ல வாசனை. அந்தக் கையால்தான் நீ அங்கே சமைத்துச் சாப்பிடுகிறாய். சோப்புப் போட்டுக் கழுவு, இரண்டு தரம் கழுவு.

கல்யாணம் முடிந்து நாலு வருஷமாகிறது. புருஷனுக்கு எழுதும் கடுதாசியிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி முழுப் பெயரையும் போட்டிருக்கிறாய். நான் என்ன இமிகிரேசன் ஆபீசா?

ஆனால் உன் பூச்சியின் கதை எனக்குப் பிடித்தது. அது என் கதை. தொழிற்சங்கத்தில் இருந்து கத்திக்கொண்டிருந்த என்னைக் கம்பனி தொழிலாளர் நலன்புரி உத்தியோகம் தந்து உள்ளே இழுத்தபோது, "ஜீவராஜை முழுங்கிட்டாங்க" என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. நீயும் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. உள்ளே போனால்தான் எதையாவது மாற்றலாம் என்று அன்றைக்குச் சொன்னேன். இப்போது உன் படிப்பே அதைச் சொல்கிறது பார். விழுங்கினார்கள், ஆனால் நான் கரையவில்லை. ஸ்டாப் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்து ஆறு மாதத்தில், கொழுந்து பறிக்கிறவர்கள் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்குப் புதுக் கூரை போடவைத்தேன்.

மற்றபடி ஊர் சுகம். தோட்டத்து மேல் பிரிவில், மேல்கணக்கு லயத்தில், கொஞ்சப் பேருக்குக் காய்ச்சல். நவம்பர் மழைக்குப் பிறகு வழக்கமாக வருவதுதான். மருந்துக்காரர் பெனடோல் கொடுக்கிறார். மீனம்மா நேற்றுக் கொழுந்துக் கூடையோடு போனாள், நீ விசாரித்ததைச் சொன்னேன், "அவ என்னைய மறக்கலியா?" என்று சிரித்தாள்.

அன்புடன்,
ஜீவா

*

உமியோ
2 பெப்ரவரி 2025

அன்புள்ள ஜீவாவுக்கு,

முழுப் பெயர் போட்டதற்குக் காரணம் நீங்கள்தான். நாள்கூலிக்குப் பேர் போடுகிற பெரட்டுக் களத்தில் விடிய விடிய நின்று, "அரை நாள் வேலைன்னு அரைப் பேர் போட்டா ஒருத்தரும் மலைக்குப் போகமாட்டோம், முழுப் பேர் போடு" என்று துரைக்கு முன்னால் கத்தியது யார்? அன்றைக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துத்தான் இந்த ஆளைக் கட்டினால் என்ன என்று நினைத்தேன். உங்களுக்கு அரைப் பேர் பிடிக்காதே. அதனால் முழுப் பேர்.

கூரைக்குச் சந்தோஷம். உங்களையே பூச்சி என்று சொல்லிக்கொண்டதற்கு இங்கே தனியாக இருந்து சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகு காய்ச்சல் கதையைத் திரும்பப் படித்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. நாளுக்கு நாள் ஏறுகிற காய்ச்சலா? தலைவலி, வயிற்றுவலி, நாக்கில் வெள்ளை இருக்கிறதா? மழையில் மேல்கணக்குக் கக்கூஸ் குழிப் பக்கம் மண் சரிந்தது என்று டிசம்பரில் நீங்களே போனில் சொன்னீர்கள். அந்தக் குழிக்கு நேர் கீழேதான் ஊற்று வழிகிற பீலி. அந்தப் பீலித் தண்ணீர்தான் தாங்கிக்குப் போகிறது, தாங்கியிலிருந்துதான் எல்லா லயத்துக்கும் குழாய். என்ன சொல்ல வருகிறேன் என்று உங்களுக்கு விளங்கும். அந்தச் சனம் குடிப்பது என்னவென்று எழுதவே கை கூசுகிறது.

பெனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தொடாது. காய்ச்சல்காரர்களை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு போன் போடுங்கள். கொதிக்கவைக்காத தண்ணீரை யாரும் வாயில் வைக்க வேண்டாம், நீங்களும்தான். இதைச் செய்வதற்குத்தானே நலன்புரி உத்தியோகம்.

உடனே பதில் போடுங்கள்.

உங்கள்,
கிருஷாந்தி ஜீவராஜ்

*

நரிக்கல் தோட்டம்
11 பெப்ரவரி 2025

என் கிருஷாவுக்கு,

உடனே பதில் போட முடியவில்லை, கோபிக்காதே. இங்கே தலைக்கு மேல் வேலை. மார்ச் கடைசியில் நம் தேயிலையை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். லயம், கக்கூஸ், தண்ணீர் என்று எல்லாம் பார்த்து ஒரு சான்றிதழ் தருவார்கள். அது கிடைத்தால் பெரிய கம்பனி ஒன்று மூன்று வருஷத்துக்கு வாங்கும். கிடைக்காவிட்டால் மேல்கணக்கை மூடிவிடுவார்கள் என்று துரை சொல்கிறார்.

காய்ச்சலுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்காதே. யாரும் செய்யாததைச் செய்திருக்கிறேன். காய்ச்சல்காரர் பெரட்டுக்கு வந்து ஆள் காட்டினால் போதும், மத்தியானம் வரைக்கும் லேசான வேலை, அரைப் பேர் விழும். துரையிடம் சண்டை போட்டு வாங்கினேன். லீவு போட்டு டிக்கோயாவுக்கு அலைந்தால் ஒரு பேரும் விழாதே. சனம் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. மீனம்மாவுக்கும் ஒரு வாரமாக உடம்பு சூடு, அவளும் அரைப் பேரில்தான் நிற்கிறாள். "ஒங்க புண்ணியத்துல அடுப்பு எரியுதுங்க" என்றாள்.

பரிசோதகரை இப்போது கூப்பிட்டால் ஹட்டன் வரைக்கும் நாறிவிடும். சான்றிதழ் முடியட்டும். ஏப்ரலில் குழியை மாற்றித் தாங்கியும் கட்டித் தருவதாகத் துரை வாக்குக் கொடுத்திருக்கிறார். தண்ணீரைப் பற்றி நீ அங்கிருந்து வீணாகப் பயப்படுகிறாய். அதே தண்ணீரைத்தான் நானும் குடிக்கிறேன், கல் மாதிரி இருக்கிறேன்.

அன்புடன்,
ஜீவா

*

உமியோ
13 பெப்ரவரி 2025

ஜீவாவுக்கு,

உங்கள் கடுதாசியைப் படித்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மேசையில் தாளை வைத்துப் படம் பிடித்தீர்கள். தாளுக்கு மேலே இடது மூலையில், பாதி வெட்டுப்பட்டு, ஐந்து லீட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று நிற்கிறது. மூடிப் பக்கத்தில் ஹட்டன் பக்கீர் நானா கடை ஸ்டிக்கரும் தெரிகிறது. அதற்கு நேர் கீழேதான் "அதே தண்ணீரைத்தான் நானும் குடிக்கிறேன்" என்று உங்கள் கையெழுத்து ஓடுகிறது. ஜனவரிக் கடுதாசியின் படத்தையும் தேடி எடுத்தேன். அதிலும் அதே மூலை, அதே போத்தலின் நிழல். ஆக, நான் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

அருவருப்பாக இல்லையா என்று கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லித் திரிந்தேன். அந்த மூலையைப் பார்த்தபோதுதான் உண்மையாகவே வாய்க்குள் புளித்தது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

நீங்கள் பூச்சிக் கதையைப் பிழையாக விளங்கிக்கொண்டீர்கள். கம்பனி விழுங்கியது, நான் கரையாமல் இருக்கிறேன் என்றீர்கள். விழுங்குகிற கலம் எதிரியே அல்ல. அது உடம்பின் காவல். தோட்டத்தில் காவல் என்றால் சனங்களின் கோபம்தான். அந்தக் கோபத்துக்கு நடுவில் நிற்க அவர்களுக்கு உங்களைவிட்டால் வேறு ஆள் இல்லை. அங்கே இருந்துகொண்டு நீங்கள் செய்வது என்ன? என் பூச்சிகளில் சில, பைக்குள் போனதும் வளர்வதை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். மருந்து கொடுத்தாலும் சாகாது. சும்மா கிடப்பதோடு விடாமல், ஊசி போட்ட மாதிரி எதையோ கலத்துக்குள் செலுத்தி, அதன் சீற்றத்தை அடக்கி வைக்கும். காவல்காரன் நின்றபடியே தூங்குவான். உங்கள் அரைப் பேர் அந்த ஊசி.

முழுப் பேர் போடு என்று கத்திய வாய், காய்ச்சல்காரியை மலைக்கு அனுப்ப அரைப் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படுகிறது. சீ.

மீனம்மாவுக்குப் போன் போட்டேன். "டிக்கோயாவுக்குப் போனா பேர் விழாதுடி, அரையாவது வரட்டும்" என்கிறாள். நாளைக்கே நீங்கள் அவளை வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பரிசோதகரின் கந்தோருக்கு நான் இன்றைக்கே போன் போட்டுப் பேசப்போகிறேன். அவர் வந்தால் உண்மையைச் சொல்லுங்கள். அதை மட்டும் செய்யுங்கள், போத்தலை நான் மறந்துவிடுகிறேன். மறக்க முயற்சியாவது செய்கிறேன்.

கிருஷாந்தி ஜீவராஜ்

*

நரிக்கல் தோட்டம்
1 மார்ச் 2025

கிருஷா,

இரண்டு கிழமையாக எழுதி எழுதிக் கிழித்தேன். இந்தத் தடவை தரையில் வைத்துப் படம் பிடிக்கிறேன், மூலையில் என்ன இருக்கிறது என்று நீ தேட வேண்டாம்.

பொண்டாட்டி புருஷனைப் பார்த்துச் சீ என்று எழுதலாமா? நான் என்ன களவெடுத்தேனா? அந்தப் போத்தல் நான் கேட்டு வாங்கியது இல்லை. எனக்கு மட்டும் தந்ததும் இல்லை. டிசம்பரிலிருந்து ஸ்டாப் குவார்ட்டர்ஸ் எல்லா வீட்டுக்கும் துரை அனுப்புகிறார். எல்லாரும் வாங்கும்போது நான் மட்டும் வேண்டாம் என்றால், லயத்துக்குப் போய்ப் பேசிவிட்டானோ என்று என்னைத்தான் சந்தேகப்படுவார்கள்.

நீ போன் போட்டதால் பரிசோதகர் வந்தார். அந்த மாத்தயாவை நான்தான் சுற்றிக் காட்டினேன். அன்றைக்குக் காலையில் தாங்கிக்குக் குளோரின் போட்டிருந்தோம், தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. காய்ச்சல்காரர் உண்டா என்று கேட்டார். சாதாரணத் தடிமன், சளிக் காய்ச்சல் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? என் இடத்தில் நின்று பார். சான்றிதழ் போய், மேல்கணக்கை மூடினால் அந்தச் சனம் எங்கே போகும்? பொல்பிட்டியாப் பக்கம் போய்க் கல் உடைக்குமா?

மீனம்மாவுக்குப் போன வியாழக்கிழமை திடீரென்று வயிறு இறுகிவிட்டது. மலையிலேயே விழுந்துவிட்டாள். நான்தான் தோட்டத்து லொறியில் கொண்டுபோனேன். குடல் ஓட்டையாகிவிட்டதாம், டிக்கோயாவிலிருந்து கண்டிக்கு அனுப்பி ஒப்பரேசன் செய்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். பழங்கள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் கெட்டவன் இல்லை, கிருஷா. இந்த மாதம் போகட்டும். சான்றிதழ்க்காரர் வந்து போனதும் நானே வெளியே வந்து எல்லாவற்றையும் பெரட்டுக் களத்தில் நின்று சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன். அதுவரைக்கும் நீயும் வாயைத் திறக்காமல் இரு.

உன்,
ஜீவா

*

உமியோ
5 மார்ச் 2025

ஜீவராஜுக்கு,

பழங்கள் வாங்கிக்கொண்டு போனதைச் சொன்னீர்கள். பழங்களோடு என்ன கொண்டுபோனீர்கள் என்பதைச் சொல்லவில்லை. அதை மீனம்மா சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரியின் போனிலிருந்து எடுத்தாள். பேச மூச்சு வரவில்லை, நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள்.

"கிருஷா, ஒங்க வீட்டுக்காரரு வந்தாரு. தோட்டத்துத் தண்ணின்னு சொல்லாத, கொட்டகலையில கல்யாண வீட்டுல தின்ன சோறுன்னு டாக்டர்கிட்ட சொல்லுன்னாரு. சொன்னா ரெண்டு மாசத்துக்கு அரைப் பேர் போட்டுத் தாரேன்னாரு. நான் எந்தக் கல்யாணத்துக்குடி போனேன்? பெரட்டுக்குத்தானே போனேன்."

டாக்டரிடம் அவள் உண்மையைத்தான் சொன்னாளாம். பெரட்டுக்குப் போனதை, பீலித் தண்ணீரை, காய்ச்சலோடு கூடை தூக்கியதை. இரத்தத்தில் நெருப்புக் காய்ச்சல் கிருமியும் வந்துவிட்டது. பரிசோதகர் இந்தத் தடவை உங்களைக் கேட்காமல் நேரே மேல்கணக்குக்குப் போய்த் தாங்கியைப் பூட்டிவிட்டார் என்றும், பவுசர் லொறியில் தண்ணீர் வருகிறது என்றும், லயத்தில் இருந்து பன்னிரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். உங்களிடமிருந்து கேள்விப்படவில்லை.

துரை டிசம்பரிலேயே ஸ்டாப் வீடுகளுக்குப் போத்தல் அனுப்பினார் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய வரி அது. அதில் எத்தனை பேர் குழியைத் தெரிந்துகொண்டு வாயை மூடியிருந்தார்கள் என்பது இருக்கிறது. அந்தக் கடுதாசியின் படத்தைப் பரிசோதகரின் கந்தோருக்கு அனுப்பிவிட்டேன். உங்களிடம் ஒளிக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

வெளியே வந்து சொல்வேன் என்று சத்தியம் செய்கிறீர்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு வகைப் பற்றீரியா இருக்கிறது. அதற்குச் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே நிற்கும். காவலின் வயிற்றுக்குள் இருக்கும்போது எடுக்கிற கோலம்தான் அதற்கு எந்நேரமும். அதை வெளியே எடுத்துப் புதுக் கலங்களோடு விட்டுப் பார்த்தேன். அதற்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. உள்ளே இருக்கப் பழகியது, வெளியே எதற்கும் உதவாது. போன வாரம் அந்தக் குடுவைகளை அவித்துக் கழுவும்போது உங்கள் ஞாபகம் வந்தது. குமட்டியது. வாடை பழகிப்போன எனக்கு மறுபடியும் குமட்டியது என்றால் அது குடுவையால் இல்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்த மனுஷன் பொய்யில்லை. அவன் கத்தியதும் பொய்யில்லை. அதை நினைத்துத்தான் இரண்டு நாளாக அழுதேன். இன்றைக்கு அழவில்லை.

ஜூலையில் வருகிறேன். மீனம்மாவின் காம்பராவில் தங்குவேன், சுவருக்கு அந்தப் பக்கம். என் சாமான்களை அங்கே இறக்கி வையுங்கள். குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு நான் வரமாட்டேன், நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் வர வேண்டாம். ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் பேசியிருக்கிறேன், மிச்சத்தை அவர் எழுதுவார்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். போத்தல் இனி வராது.

கீழே என் பெயர் பாதிதான் இருக்கிறது. மறந்துபோய் விடவில்லை. உங்களுக்கு இனி அரைப் பேர்தான்.

கிருஷாந்தி